வெயில் கொட்டும் ஊரில் வைட்டமின் டி குறைவு: கர்ப்பம் தொடங்கிய நாள் முதல் குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை

என் தங்கைக்குப் பர்மாவில் தட்டான் என்கிற ஊரில்தான் தலைப்பிரசவம், அதுவும் ஆவணி மழையில். பையன் மூன்று கிலோ இருந்தான், அழுகை நன்றாக இருந்தது, தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை. ஆறாவது வாரத்தில் ஒரு சாயங்காலம் அவன் இடது கை மட்டும் துடிக்க ஆரம்பித்தது. அப்பத்தா மாந்தம் என்றார், பக்கத்து வீட்டம்மா ஜன்னி என்றார், மந்திரிக்க ஆள் கூப்பிடக்கூடக் கிளம்பிவிட்டார்கள். நான் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கையை மெதுவாப் பிடிச்சுப் பாரு, துடிப்பு நிக்குதா?" நிற்கவில்லை. உடனே தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் கால்சியம் மிகக் குறைவு. நரம்பு வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றினார்கள், பிள்ளை பிழைத்தான். அப்புறம் தாய்க்கும் சோதித்தார்கள். அவள் ரத்தத்தில் வைட்டமின் டி வெறும் 7 என்று வந்தது.

தங்கைக்கு நம்பிக்கையே வரவில்லை. "அக்கா, இவ்வளவு வெயில் அடிக்கிற ஊருல எனக்கு எப்படி இது குறையும்?" நான் யாங்கோனில் ஒரு மருந்துக்கடையில் 14 வருஷமாக வேலை பார்க்கிறேன், நம் தமிழ் வீட்டுப் பெண்கள் இதே கேள்வியைக் கேட்காத மாதமே கிடையாது. வெயில் ஊரில் அடிக்கிறது, ஆனால் நம் தோலில் படுவதில்லை. தாயிடம் இல்லாததைக் குழந்தை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும். கீழே இருப்பதை வரிசையாகப் படியுங்கள், கர்ப்பம் எந்த மாதத்தில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகத்தான் இந்த வழிகாட்டி.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால், தோலுக்கடியில் இருக்கிற ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டி ஆக மாறும். அதைக் கல்லீரல் ஒருமுறை மாற்றும், சிறுநீரகம் இன்னொருமுறை மாற்றும், அதற்குப் பிறகுதான் அது வேலைக்கு வரும். அதன் முக்கியமான வேலை, நாம் சாப்பிடுகிற கால்சியத்தைக் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏற்றுவது. டி போதுமான அளவு இருந்தால் சாப்பிட்ட கால்சியத்தில் 30 முதல் 40 சதவீதம் உள்ளே போகும், குறைந்துவிட்டால் 10 முதல் 15 சதவீதம்தான். அதாவது நாலு டம்ளர் பால் குடித்தாலும் முக்கால்வாசிக்கு மேல் வீணாகிறது.

வயிற்றில் வளரும் குழந்தை பிறப்பதற்குள் சுமார் 30 கிராம் கால்சியத்தை எலும்பில் சேர்த்துக்கொள்கிறது, அதில் 80 சதவீதத்தைக் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்க்கிறது. வைட்டமின் டி நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகிறது, பிறக்கும்போது குழந்தையின் அளவு எப்போதுமே தாயின் அளவைவிடக் கொஞ்சம் கீழே நிற்கும். தாய் நன்றாக இருந்தால் அந்தக் கையிருப்பு ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடும். தாயே காலி என்றால் குழந்தை காலிப் பையோடுதான் பிறக்கிறது. தாய்ப்பாலைப் போல உணவு உலகத்தில் வேறு இல்லை, ஆனாலும் அதில் வைட்டமின் டி மிகக் கொஞ்சம்தான், லிட்டருக்கு 80 யூனிட்டைக்கூடத் தொடாது. என் தங்கை மகனுக்கு ஆறாவது வாரத்தில் இழுத்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

வெயிலும் மீன் எண்ணெயும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று கண்டுபிடித்து நூறு வருஷம்தான் ஆகிறது. 1919இல் எட்வர்ட் மெல்லன்பி என்பவர் இங்கிலாந்தில் நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் என்கிற எலும்பு மெலிவை வரவழைத்து, மீன் ஈரல் எண்ணெயால் சரிசெய்து காட்டினார். அதே வருஷம் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர் நோயாளிப் பிள்ளைகளைப் புற ஊதா விளக்கடியில் வைத்துக் குணப்படுத்தினார். மீன் எண்ணெயும் வெளிச்சமும் ஒரே நோயை ஆற்றுகின்றன என்பதே அப்போது பெரிய புதிராக இருந்தது. 1922இல்தான் அந்தப் பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயர் வந்தது.

முதல் படி: உங்களுக்குக் குறைவு இருக்க வாய்ப்பு உண்டா

சோதனைக்குப் போகும் முன்னால் உங்கள் ஒரு நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். யாங்கோன் நகரத்துக்குள் பழைய கட்டடங்களில் குடியிருக்கிறவர்களுக்கு வெளிச்சம் என்றால் முன்பக்க ஜன்னலும் பின்பக்க ஜன்னலும்தான், நடுவில் இருக்கிற அறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். தெருவில் இறங்கினால் குடை, நீளக்கை சட்டை, காலை மூடும் லோஞ்சி (கைலி), முகத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து. வெயில் படக்கூடாது என்றுதானே இதெல்லாம்! வைகாசியில் பிடிக்கிற மழை ஐப்பசி வரை விடாது, மோல்மேன், தட்டான் பக்கம் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அந்த ஐந்தாறு மாதம் பெண்கள் வெளியே நிற்பதே அபூர்வம்.

அதோடு நம் தோல் நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுத்த தோலில் உள்ள நிறமி வெயிலைத் தடுத்து உடம்பைக் காக்கிறது, அதே காரணத்தால் வைட்டமின் டி உண்டாக வெள்ளைத் தோலுக்கு ஆவதைப்போலப் பல மடங்கு நேரம் பிடிக்கிறது. உடல் எடை அதிகம் உள்ளவர்கள், அடுத்தடுத்துக் கர்ப்பம் தரித்தவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், மீனும் முட்டையும் தொடாதவர்கள், எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்துக்கடைக்காரியாக ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன், இதைப் பலர் மருத்துவரிடம் சொல்லவே மறந்துவிடுகிறார்கள். வலிப்புக்காக ஃபெனிடோயின், ஃபினோபார்பிடால் சாப்பிடுகிறவர்களுக்கும், காசநோய்க்காக ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும் உடம்பில் வைட்டமின் டி சீக்கிரம் கரைந்துபோகும். அதற்காக அந்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடவே கூடாது. கர்ப்பத்துக்கு முதல்முறை பதிவு செய்யப் போகும்போதே அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

இரண்டாம் படி: உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

முக்கால்வாசிப் பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, தங்கைக்கும் அப்படித்தான். குறைவு முற்றிப்போனால் இடுப்பு எலும்பு, தொடை, விலா ஆகிய இடங்களில் ஆழமான ஒரு வலி வரும், தைலம் தேய்த்தால் போகாது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் செங்குத்தான படியில் ஏறும்போது மூச்சைவிடத் தொடைதான் முதலில் தளரும், நடை வாத்து நடைபோலச் சாயும். "மாசமா இருக்கா, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் ஒதுக்கிவிடுவார்கள், பாதி நேரம் அது சரியும்கூட. ஆனால் படியேற முடியாத அளவுக்குத் தொடை பலவீனமாக இருந்தால் அது கர்ப்பத்தின் சாதாரணக் களைப்பு இல்லை. மருத்துவரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்: "படி ஏறத் தொடையில் பலம் இல்லை."

மூன்றாம் படி: சோதனை

ரத்தத்தில் பார்க்க வேண்டியது 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி. இதே வைட்டமினுக்கு 1,25 என்று தொடங்கும் இன்னொரு சோதனையும் இருக்கிறது, குறைவைக் கண்டுபிடிக்க அது உதவாது, ஆகவே சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

முடிவு இரண்டு அளவையில் வரும், இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்றால் 20க்கு மேல் போதுமானது, 12க்கும் 20க்கும் இடையில் பற்றாக்குறை, 12க்குக் கீழே குறைவு. லிட்டருக்கு நானோமோல் என்று போட்டிருந்தால் இதே எல்லைகள் 50, 30 என்று மாறும், ஏனென்றால் ஒரு நானோகிராம் 2.5 நானோமோலுக்குச் சமம். 40 நானோமோல் வந்த ஒரு பெண் "நாற்பது இருக்குக்கா, 20க்கு மேலதானே" என்று சந்தோஷமாக என்னிடம் வந்தாள், கணக்குப் போட்டால் அது 16தான். சில மருத்துவர்கள் 30 நானோகிராம் வேண்டும் என்பார்கள். அதற்காகப் பயப்பட வேண்டாம், 20ஐத் தாண்டினால் எலும்புக்குப் போதும் என்பதுதான் பல நிபுணர் குழுக்களின் கருத்து.

சோதனைக்கு வசதி இல்லையா? எல்லா ஊரிலும் இது செய்வதில்லை, செலவும் கூட. முதல் படியில் சொன்னதில் இரண்டு மூன்று உங்களுக்குப் பொருந்தினால், சோதனை செய்யாமலேயே சாதாரண அளவு மாத்திரை கொடுக்கலாமா என்று மருத்துவரிடமோ ஊர் சயாமாவிடமோ (மருத்துவச்சியிடமோ) கேளுங்கள். சாதாரண அளவுக்குச் சோதனை கட்டாயமில்லை, பெரிய அளவுக்குத்தான் சோதனை வேண்டும்.

நான்காம் படி: வெயிலை எப்படி வாங்குவது

காலை ஆறரை மணி இளவெயிலில் நின்றால் போதும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த வெயில் உடம்புக்கு இதமாக இருக்கும், மனதுக்கும் நல்லது, வைட்டமின் டி மட்டும் அதில் கிடைக்காது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது கதிர் காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் சாய்வாக வருகிறது, வருகிற வழியிலேயே புற ஊதா பி வடிகட்டப்பட்டுவிடும்.

எது சரியான நேரம் என்று கண்டுபிடிக்கக் கடிகாரமே வேண்டாம். வெயிலில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வைட்டமின் டி உண்டாகும் நேரம், நீளமாக இருந்தால் பெரிதாக ஒன்றும் உண்டாகாது. யாங்கோன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 17 டிகிரியில் இருக்கிறது, அதனால் வருஷம் முழுக்க உச்சிவேளையில் நிழல் குட்டையாகத்தான் விழும். சித்திரையில் காலை 9 முதல் மாலை 3 வரை இந்த நேரம் நீளும், மார்கழியிலோ ஏறக்குறைய பத்தேமுக்காலிலிருந்து ஒன்றேகால் வரைதான்.

முகத்தில் தனக்கா இருந்தால் இருக்கட்டும், அதை விடச் சொல்லவில்லை. முழங்கை வரை கையையும் முழங்கால் வரை காலையும் திறந்து, வாரத்தில் மூன்று நான்கு நாள், 20 முதல் 30 நிமிடம் நிற்கலாம், மாடி மொட்டைத்தளம் இருந்தால் நல்லது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயன் இல்லை, கண்ணாடி அந்தக் கதிரை விடாது. பங்குனி சித்திரையில் உச்சி வெயிலில் கர்ப்பிணி நிற்கக்கூடாது, ஒன்பதரைக்கே முடித்துவிடுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு நில்லுங்கள், தலை சுற்றினால் உடனே உள்ளே வந்துவிடுங்கள்.

இவ்வளவு சொல்லியும், மழைக்காலத்தில் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் வருகிறவர்களுக்கு வெயிலை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆடி, ஆவணி, புரட்டாசியில் பிள்ளை பெறப் போகிறீர்கள் என்றால் ஆறாம் படியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஐந்தாம் படி: தட்டில் என்ன இருக்கிறது

சாப்பாட்டிலிருந்து கிடைக்கிற டி கொஞ்சம்தான், அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். கொழுப்புள்ள கடல்மீன், மத்தி, கானாங்கெளுத்தி, டப்பா மத்தி ஆகியவற்றில் ஓரளவு உண்டு. ஒரு முட்டை மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட்.

கால்சியம் விஷயத்தில் பர்மாவில் நாம் அதிர்ஷ்டசாலிகள். உல்லம் மீனை மெல்லிய தீயில் பல மணி நேரம் வேகவைத்து, முள்ளெல்லாம் கரைந்து வாயில் மாவாகப் போகிற அந்தப் பர்மியப் பக்குவம் இருக்கிறதே, கர்ப்பிணிக்கு அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியவில்லை: கொழுப்புள்ள மீனும் கால்சியமும் ஒரே சட்டியில். முள்ளோடு மென்று தின்கிற பொடிமீன் கருவாடு, தோலோடு வறுத்த எள், முருங்கைக்கீரை, தயிர், எல்லாம் மலிவாகவே கிடைக்கும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், 18 வயதுக்குள் இருக்கும் பெண்ணுக்கு 1,300. ஙப்பி என்கிற மீன் விழுதிலும் கால்சியம் உண்டு, ஆனால் உப்பு அதைவிட அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டீக்கடைத் தேநீரில் ஊற்றுவது பெரும்பாலும் இனிப்புக் கட்டிப்பால், அதைப் பால் குடித்த கணக்கில் சேர்க்க முடியாது, அந்தத் தேநீர் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் குறைக்கும். ஷான் தோஃபு ருசியானது, புரதம் உண்டு, ஆனால் அது கடலைமாவில் செய்தது, சோயா தோஃபுவில் இருக்கிற கால்சியத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

தீமிதிக்கும் காவடிக்கும் காப்புக் கட்டி விரதம் இருக்கிற குடும்பங்களில் அந்த நாட்களில் மீனும் முட்டையும் நின்றுவிடும். விரதத்தை விடச் சொல்லவில்லை. தயிரும் எள்ளும் கீரையும் அந்த நாட்களில் இரண்டு மடங்காகட்டும், மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள். மாத்திரை விரதத்தைக் கெடுக்காது.

ஆறாம் படி: மாத்திரை

முதலில், கையில் இருக்கும் மாத்திரை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே கர்ப்பிணிகளுக்கு இரும்பு ஃபோலிக் மாத்திரையோடு வைட்டமின் பி1ம் கொடுப்பது வழக்கம், குழந்தைக்குப் பெரிபெரி (பி1 குறைவால் வருகிற நோய்) வராமல் இருக்க அது மிக அவசியம். ஆனால் "சயாமா குடுத்த வைட்டமின் சாப்பிடுறேன்" என்று சொல்கிறவர்கள் அதிலேயே டியும் இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். அட்டையில் கோலிகால்சிஃபெரால் (வைட்டமின் டி3) அல்லது எர்கோகால்சிஃபெரால் (வைட்டமின் டி2) என்று இருந்தால்தான் அது டி. பல சத்துகள் சேர்ந்த கர்ப்பகால மாத்திரை கிடைத்தால், உலக அளவில் வகுத்த கலவையில் 200 யூனிட் டி இருக்கும். சில அட்டைகளில் மைக்ரோகிராமில் போடுவார்கள், 1 மைக்ரோகிராம் 40 யூனிட்.

கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் என்பது ரிக்கெட்ஸ் தடுப்புக்காகப் பல நாட்டு நிபுணர்கள் கூடி 2016இல் சொன்ன அளவு. குறைவு என்று சோதனையில் தெரிந்தால் மருத்துவர் இதைவிட அதிகமாக, 1,000 முதல் 2,000 வரை தினமும் எழுதலாம், சில சமயம் வார அளவாகவும் கொடுப்பார். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் ஒரு நாளைக்கு 4,000ஐத் தாண்டக்கூடாது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கர்ப்பிணிக்கும் டி மாத்திரை கட்டாயம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை, குறைவு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் தினம் 200 யூனிட் கொடுக்கலாம் என்கிறது. வங்கதேசத்தில் வாரம் 28,000 யூனிட் வரை கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது, ஒரு வயதில் குழந்தைகளின் உயரம் அதனால் கூடவில்லை. பிரிட்டனில் தினம் 1,000 யூனிட் கொடுத்த ஆய்விலும் மொத்தமாகப் பார்த்தால் பிறந்த குழந்தையின் எலும்பு எடையில் வித்தியாசம் இல்லை, குளிர்காலத்தில் பிறந்த குழந்தைகளிடம் மட்டும் நன்மை தெரிந்தது. நான் இதிலிருந்து புரிந்துகொள்வது, நிறைய இருக்கிறவளுக்கு மேலும் ஊற்றுவதால் பிள்ளை வளர்ந்துவிடாது, காலியாக இருக்கிறவளை நிரப்பினால் பிள்ளைக்கு வலிப்பு வராமல் காக்கலாம். ஆகவே அதிகம் சாப்பிட்டால் பிள்ளை உயரமாக வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாப்பிடும் முறை எளிது. டி கொழுப்பில் கரைவது, மதியச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்குங்கள். கால்சியம் கார்பனேட் மாத்திரையும் சாப்பாட்டோடுதான். இரும்பு மாத்திரையை இதோடு சேர்க்காதீர்கள், கால்சியம் இரும்பை உள்ளே விடாது, இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்கட்டும். எங்கள் கடைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது, மதியம் கால்சியமும் டியும், ராத்திரி படுக்கப்போகும்முன் இரும்பு.

கடையில் வாங்கும்போது கத்தரித்த துண்டு அட்டையை வாங்காதீர்கள். பெயர், அளவு, காலாவதி தேதி மூன்றும் தெரிகிற முழு அட்டை கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற பெரிய ஊசி ஒன்று உண்டு, கர்ப்பத்தில் அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

ஏழாம் படி: பிள்ளைப்பெற்ற அறை

பர்மியர் மீதுவின் என்கிற காலமும் நம் வீட்டுத் தீட்டுக் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஜன்னல் அடைத்து, உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, பத்தியச் சோறு போட்டு உள்ளேயே வைத்துவிடுவார்கள். தாய்க்கு ஓய்வு கிடைக்கிறது, அது நல்லது. மீன், முட்டை, கீரை, பருப்பு எல்லாவற்றையும் தள்ளிவைத்துச் சோறும் உப்புக்கருவாடும் மட்டும் கொடுப்பதுதான் கெடுதல், டியும் கால்சியமும் மட்டும் இல்லை, பி1ம் அதில் அடிபட்டுப்போகும். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். பிரசவத்துக்கு முன்பே, கடைசி மாதச் சோதனைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், சயாமா வாயால் சொல்லவைத்துவிடுங்கள். கர்ப்பத்தில் சாப்பிட்ட மாத்திரைகளைப் பிரசவத்தோடு நிறுத்தாமல் தொடரலாமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: குழந்தைக்குச் சொட்டு மருந்து

ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பிறந்த முதல் சில நாட்களிலேயே தொடங்கி, ஒரு வயது வரை, தினமும் 400 யூனிட். தாய்ப்பால் குடித்தாலும் சரி, பவுடர் பால் குடித்தாலும் சரி. பவுடர் பால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடிக்கிற குழந்தைக்கு மட்டும் அதிலேயே போதிய டி கிடைத்துவிடும், பச்சைக்குழந்தை அவ்வளவு குடிக்காது.

குழந்தையை வெயிலில் காட்டக்கூடாதா என்று கேட்பார்கள். வைட்டமின் டி கிடைக்கிற உச்சி வெயில் ஆறு மாதத்துக்குட்பட்ட தோலுக்கு ஆகாது, ஆகிற இளவெயிலில் வைட்டமின் டி இல்லை. அதனால்தான் சொட்டு மருந்து. மஞ்சள் காமாலைக்காகக் காலை வெயிலில் போடுகிற பழக்கத்தையும் நம்பாதீர்கள், குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது புட்டியைக் கையில் எடுங்கள். எங்கள் கடை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற மூன்று வகையைச் சொல்கிறேன். ஒன்றில் 1 மில்லிக்கு 400 யூனிட், கூடவே கோடு போட்ட உறிஞ்சி இருக்கும், முழுக்கோடு வரை எடுக்க வேண்டும். இரண்டாவதில் 1 மில்லிக்கு 800, அதில் அரை மில்லிதான். மூன்றாவது எண்ணெய் போல இருக்கும், ஒரே ஒரு சொட்டிலேயே 400 யூனிட். மூன்றின் புட்டியும் ஒரே உயரம், மூன்றிலும் வைட்டமின் டி3 என்றே எழுதியிருக்கும். மூன்றாவது வகையை வாங்கிப்போய், பழைய புட்டியின் உறிஞ்சியால் ஒரு மில்லி கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மருந்தின் உறிஞ்சியை இன்னொரு மருந்துக்குப் பயன்படுத்தவே கூடாது.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று இருக்கிறது. இந்தியாவிலிருந்து வருகிற 60,000 யூனிட் மருந்து, சிறு பொட்டலமாகவும் 5 மில்லிக் குட்டிப் புட்டியாகவும் கிடைக்கிறது. பெரியவர்கள் மருத்துவர் சொல்படி வாரத்துக்கு ஒன்று சாப்பிடுவது அது. குட்டிப் புட்டியைப் பார்த்தால் குழந்தை டானிக் மாதிரியே இருக்கும். அதில் இருப்பது ஒரு குழந்தைக்கு 150 நாளைக்கு உரிய மருந்து. தாய்க்காக வாங்கியதைக் குழந்தை மருந்தோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,000 யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது. அளவு மீறிக் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், பால் மறுப்பு, அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கிச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். தவறிக் கொடுத்துவிட்டால் புட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொடுக்கும் விதம்: பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், தலையை உயர்த்திப் பிடித்து, உறிஞ்சியை உள்கன்னத்தின் ஓரம் வைத்து, விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், நேரே தொண்டைக்குள் பீய்ச்சாதீர்கள். ஒரு சொட்டு வகை என்றால் முலைக்காம்பில் விட்டுப் பால் கொடுக்கலாம். பால் புட்டியில் கலந்தால் மிச்சம் வைக்கிற பாலோடு மருந்தும் போய்விடும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டாம், வழக்கமான அளவே போதும். மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்றே தெரியாத ஊரில் ஃபிரிட்ஜ் பற்றிக் கேட்பார்கள். பெரும்பாலான சொட்டு மருந்துக்கு அது தேவையில்லை, வெயில் படாத அலமாரி போதும், ஆனாலும் பெட்டியில் போட்டிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கடைசி மூன்று மாதத்தில் சேர வேண்டிய கால்சியமும் பாஸ்பரஸும் அதற்குச் சேரவே இல்லை, வைட்டமின் மட்டும் கொடுத்துச் சரிசெய்ய முடியாது, அளவை மருத்துவரே எழுதட்டும்.

ஒன்பதாம் படி: எப்போது ஓட வேண்டும்

பச்சைக்குழந்தை சும்மாவே நடுங்கும். அந்தக் கையை மெதுவாகப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடும். பிடித்த பிறகும் உங்கள் கைக்குள்ளேயே தாளம் போடுவதுபோல வெட்டி வெட்டி இழுத்தால் அது வலிப்பு. கண் ஒரு பக்கம் நிலைத்துப்போனாலும், மூச்சு விட்டுவிட்டு நின்றாலும், மூச்சிழுக்கும்போது கீச்சென்ற சத்தம் வந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், விபூதி போடுவதைப் போகிற வழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு மெலிவு இப்படித் திடீரென்று வராது, மாதக்கணக்கில் ஊர்ந்து வரும். மணிக்கட்டு தடித்து இரட்டை மூட்டுப்போல் தெரியும், நெஞ்சின் இரு பக்கமும் விலா முனைகளில் மணி கோத்தது போலத் தட்டுப்படும், உச்சிக்குழி மூடத் தாமதமாகும், பல் முளைக்கவும் நாளாகும், உட்கார வேண்டிய வயதில் துவண்டு விழும். இதைப் பார்த்தால் சொட்டு மருந்தின் அளவை நீங்களாக ஏற்றாதீர்கள், இதற்குக் கொடுப்பது சிகிச்சை அளவு, தினம் 2,000 யூனிட்டும் கூடவே கால்சியமும் மூன்று மாதம் போல, மருத்துவர் பார்வையில். இன்னொன்று, நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு இரண்டு வயது வரை கால் கொஞ்சம் வளைந்திருப்பது சகஜம், வேறு அறிகுறி இல்லாவிட்டால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

பத்தாம் படி: ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை

கூழ் தொடங்கியதும் பலர் சொட்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். முட்டை மஞ்சள் கரு, முள் நீக்கி மசித்த மீன், தயிர் எல்லாம் மெதுவாகச் சேரட்டும், மருந்தும் ஒரு வயது வரை ஓடட்டும். ஒரு வயதுக்கு மேல் தேவை 600 யூனிட், அதில் எவ்வளவு உணவு, எவ்வளவு மருந்து என்று அப்போது மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். கட்டிப்பாலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது மட்டும் எந்த வயதிலும் வேண்டாம்.

அடுத்த பிள்ளைக்குத் திட்டம் இருந்தால், கர்ப்பம் தங்கும் முன்பே தாய்க்கு ஒரு சோதனை செய்துவிடுங்கள். என் தங்கை அப்படித்தான் செய்தாள், இரண்டாவது கர்ப்பம் தொடங்கும்போது அவள் அளவு 28. பெண் குழந்தை பிறந்தது, அதுவும் மழையில்தான். நான் தட்டானுக்கு பஸ் ஏறும்போது பையில் 1 மில்லிக்கு 400 யூனிட் வகைப் புட்டி இரண்டு வைத்திருந்தேன். முதல் புட்டியின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, அப்பத்தாவுக்கும் தெரிகிற பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: பாப்பாவுக்கு மட்டும். தினம் ஒரு தடவை. முழுக்கோடு வரை. திறந்த தேதி, அதன் பக்கத்தில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் முதல் நாள் தேதியை எழுதியது அப்பத்தாதான்.